திருவண்ணாமலை ஓட்டர்களும் அபேட்சகர்களும்

நமது நாட்டில் தேர்தல் என்று ஒன்று வந்துவிட்டால் அந்த ஒரு மாத காலத்திற்கு ஓட்டர்கள்தான் ராஜாக்கள், எஜமானர்கள், தெய்வங்கள் என்றெல்லாம் புகழப்படுவதும், அது முடிந்த மறுநாளே அதே ஓட்டர்கள் ஒரு பட்டாவுக்காகவும் ஒரு ரேஷன் கார்டுக்காகவும் அதே ஆசாமிகளின் வீட்டு வாசலில் கைகட்டி நிற்க வேண்டியவர்களாகிவிடுவதும் வாசகர்கள் யாவரும் அறிந்த விஷயமேயாகும். இதற்குக் காரணம் அபேட்சகர்களின் அயோக்கியத்தனம் மாத்திரமே என்று சொல்லிவிட நாம் தயாராயில்லை. வேலைக்கு ஆள் வைக்கிறவன் ஆளைப் பார்த்து நாலு கேள்வி கேட்டுத்தான் வைக்கிறான். வீட்டுக்கு ஒரு பால்காரனை வைப்பதானாலும் பாலைக் காய்ச்சிப் பார்த்துத்தான் மறுநாள் வரச் சொல்லுகிறோம். ஆனால் ஐந்து வருஷ காலத்திற்கு நம்மை ஆள ஒருவனை அனுப்புகிறபோது மாத்திரம் அவன் திறந்த வண்டியில் நின்று கைகூப்பிக்கொண்டு நம் தெருவைக் கடந்து போவதையே அவனைப் பார்த்ததாகவும் கேட்டதாகவும் வைத்துக்கொள்ளுகிறோம். ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், எல்லா அபேட்சகர்களையும் உட்கார வைத்து, ஒரே கேள்வியை எல்லோரிடமும் கேட்டு, பதிலை எல்லோரும் கேட்கும்படி செய்கிற காரியம் நமது ஊர்களில் நடப்பது வெகு அபூர்வமாகவே இருக்கின்றது. திருவண்ணாமலையில் அதைச் செய்யவேண்டும் என்பதே இத்தலையங்கத்தின் நோக்கமாகும்.

அமெரிக்கா தேசத்தில் பிரசிடெண்டு தேர்தலுக்கு முன்னால் ஒவ்வொரு கட்சியிலும் யார் அபேட்சகராக நிற்பது என்பதற்கே ஒரு முன்தேர்தல் நடக்கின்றது. நியூ ஹாம்ப்ஷயர் போன்ற சிறிய மாகாணங்களில் நாளைக்குப் பிரசிடெண்டாக வரப்போகிறவர்களும்கூட பள்ளிக்கூடக் கூடத்திலும் சாப்பாட்டுக் கடையிலும் குடியானவனும் தொழிலாளியும் கேட்கிற கேள்விக்கு நின்று பதில் சொல்லித் தீரவேண்டியிருக்கிறது. 1920ல் பெண்களுக்கு ஓட்டுரிமை வருகிற தறுவாயில் அங்கு ஏற்பட்ட பெண் ஓட்டர்கள் சங்கம், கட்சி பேதமில்லாமல் அபேட்சகர்களை ஒரே மேடைக்கு அழைப்பதைத் தன் வேலைகளில் ஒன்றாக வைத்துக்கொண்டது. 1976, 1980, 1984 ஆகிய மூன்று பிரசிடெண்டு தேர்தல்களிலும் அச்சங்கமே வாதமேடையை நடத்திற்று. 1980ல் அப்போதைய பிரசிடெண்டு கார்ட்டர், மூன்றாவது ஆளான ஆண்டர்சன் இருக்கிற மேடைக்கு வரமாட்டேனென்று சொன்னபோது, வராதவருக்காக மேடையைக் கலைத்துவிடாமல் வந்த இருவரையும் வைத்தே நடத்தினார்கள். 1988ல் இரண்டு பெரிய கட்சிகளும் கூடிக்கொண்டு, கேள்வி கேட்பவர் யார், சபையில் உட்காருகிறவர் யார் என்பதையெல்லாம் தாங்களே தீர்மானிக்கப் பார்த்தபோது, ஓட்டர்களை ஏமாற்றுகிற வேலைக்குத் துணை போகமாட்டோம் என்று சங்கத்தார் விலகிக்கொண்டார்கள். இந்தக் கடைசி விஷயத்தை நமது தோழர்கள் நன்றாக ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அபேட்சகர்களிடம் நிர்வாகத்தைக் கொடுத்துவிட்ட மேடை, அவர்களது பிரசார மேடையாக ஆவதற்கு ஒரு நாள்கூடச் செல்லாது.

அமெரிக்கா வெகு தூரம், அவர்கள் படித்தவர்கள், பணக்காரர்கள் என்று சிலர் சொல்லக்கூடும். ஆகவே பக்கத்திலிருக்கும் இலங்கையைப் பார்ப்போம். 2015ல் ஏற்பட்ட மார்ச் 12 இயக்கம் என்பது, யோக்கியமான ஆட்களையே தேர்தலில் நிறுத்தவேண்டும் என்று கட்சிகளை வற்புறுத்துவதற்காக ஏற்பட்ட இயக்கமாகும். அவர்கள் 2019 அக்டோபரில் பிரசிடெண்டு அபேட்சகர்களை ஒரு மேடைக்கு அழைத்தார்கள். கோத்தபய ராஜபக்ஷே வரவில்லை. நவம்பரில் அவரே வெற்றி பெற்றார். பிறகு பெட்ரோலுக்கும் மருந்துக்கும் ஜனங்கள் நாள் கணக்காய் வரிசையில் நின்றதும், 2022 ஜூலையில் அவர் மாலத்தீவுக்கும் அங்கிருந்து சிங்கப்பூருக்கும் ஓடிப்போய் ராஜினாமாக் கடிதம் அனுப்பியதும் உலகம் அறிந்தது. மேடைக்கு வராததனால்தான் அவர் ஓடினார் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் ஓட்டுக் கேட்கும்போதே ஜனங்களின் கேள்விக்கு முன்னால் உட்கார மனமில்லாத ஒருவர், அதிகாரம் வந்த பின்பு கேள்விக்குப் பதில் சொல்லுவார் என்று எதிர்பார்ப்பதற்கு என்ன ஆதாரமிருக்கின்றது என்றுதான் கேட்கின்றோம்.

நமது நாட்டிலோ முன்தேர்தல் என்கிற பேச்சே இல்லை. 2014 பார்லிமெண்டு தேர்தலின்போது காங்கிரசார் சில தொகுதிகளில் மாத்திரம் அதைப் பரீட்சை செய்து பார்த்தார்கள். அது வேரூன்றவில்லை. கட்சித் தலைவர் ராத்திரி ஒரு ஜாபிதாவை வெளியிடுகிறார். மறுநாள் காலையில்தான் இன்னார் நம் அபேட்சகர் என்று கட்சித் தொண்டனுக்கே தெரிகிறது. ஆனால் தமிழ்நாட்டில் ஒரு கட்சி, முக்கியமான விஷயத்தைத் தன் கூட்டத்தாரிடமே ஓட்டுக்கு விட்ட சங்கதி ஒன்று உண்டு. 1956 மே மாதத்தில் திருச்சியில் கூடிய தி.மு.கழக மாநாட்டில், தேர்தலில் நிற்கலாமா வேண்டாமா என்பதற்கு இரண்டு பெட்டிகள் வைத்து வந்திருந்தவர்களிடம் ஓட்டு எடுத்தார்கள். நிற்கலாம் என்று 56,942 பேரும் வேண்டாம் என்று 4,203 பேரும் போட்டார்கள். அதன் பலனாய் 1957ல் அக்கட்சி முதன்முதலாகத் தேர்தலில் இறங்கி, பார்லிமெண்டுக்கு இரண்டே இரண்டு ஸ்தானங்களைப் பிடித்தது. ஒன்று நாமக்கல், மற்றொன்று திருவண்ணாமலை. கூட்டத்தைக் கேட்டு முடிவு செய்வதென்பது தமிழனுக்கு முடியாத காரியம் என்று யாராவது சொன்னால், திருவண்ணாமலைக்காரர்களாவது அதற்குத் தலையாட்டக்கூடாது.

நிற்க. இந்த ஊருக்கு இது ஏன் அதிக அவசியம் என்பதைச் சொல்லுகிறோம். திருவண்ணாமலையை வெளியூரார் அறிந்தது கோபுரத்தாலும் தீபத்தாலும் பௌர்ணமிக் கூட்டத்தாலும்தான். இவ்வூருக்கு ஓட்டுக் கேட்க வருகிற எந்தக் கட்சிக்காரரும் முதலில் ராஜகோபுரத்தின் முன் நின்று படம் எடுத்துக்கொள்ளுவதையும், கிரிவலப் பாதையில் இன்னும் எத்தனை விளக்குப் போடுவோம் என்று சொல்லுவதையுமே தங்கள் திட்டமாக வைத்துக்கொள்ளுகிறார்கள். அந்த 14 கிலோ மீட்டர் சுற்றுக்கு வெளியேயும் ஒரு ஜில்லா இருக்கின்றது. 1989ல் பழைய வட ஆற்காட்டிலிருந்து பிரிந்த இந்த ஜில்லாவில் செய்யாறு, வந்தவாசி, போளூர், ஆரணி, செங்கம், ஜவ்வாது மலை எல்லாம் இருக்கின்றன. கோயிலைச் சுற்றுகிறவனுடைய சௌகரியத்தைப் பற்றி இவ்வளவு பேசுகிறவர்கள், அங்கே குடியிருக்கிறவனுடைய கஷ்டத்தைப் பற்றி என்ன சொல்லுகிறார்கள் என்று கேட்க ஓர் இடம் வேண்டாமா?

உதாரணமாக ஒன்று சொல்லுகிறோம். 2024 டிசம்பர் முதல் தேதி புயல் மழையில் இவ்வூர் மலையடிவாரத்தில் மண் சரிந்து ஒரு வீட்டின்மேல் விழுந்து ஏழு பேர் மாண்டார்கள். அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள். மந்திரிகள் வந்தார்கள், நிபுணர்கள் வந்தார்கள், நிவாரணம் கொடுத்தார்கள். அதே மாதத்தில் மலையுச்சியில் தீபமும் ஏறிற்று. ஆனால் மலைச்சரிவில் வீடு கட்டிக்கொண்டு குடியிருக்கிறவர்கள் ஏன் அங்கே போனார்கள், ஊருக்குள் அவர்களுக்கு ஒரு கால் சென்டு நிலமாவது கொடுக்க யார் என்ன ஏற்பாடு செய்வார்கள், அவர்களை அப்புறப்படுத்துவதானால் பிழைப்புக்கு எட்டாத தூரத்தில் கொண்டுபோய் எறியாமல் எங்கே வைப்பார்கள் என்பவற்றுக்கு அபேட்சகர் வாயிலிருந்து எல்லோரும் கேட்கும்படி ஒரு பதில் வரவேண்டும். மலையே சுவாமி என்று சொல்லுகிறவர்களும், மலை வெறும் கல்லும் மண்ணுமே என்று சொல்லுகிற நாமும் இந்தக் கேள்வியில் ஒன்றுபட்டே நிற்கலாம். மண் சரிகிறபோது அது ஆஸ்திகன், நாஸ்திகன் பார்த்துச் சரிவதில்லை.

இன்னொரு விஷயம் இதைவிட முக்கியமானது. 2023 ஜனவரி 30ந் தேதி, தண்டராம்பட்டுத் தாலூகா தென்முடியனூரில் ஆதிதிராவிடத் தோழர்கள், ஏறக்குறைய எண்பது வருஷ காலமாய்த் தங்களுக்கு அடைக்கப்பட்டிருந்த முத்துமாரியம்மன் கோயிலுக்குள் போலீஸ் காவலுடனும் அதிகாரிகள் துணையுடனும் போனார்கள். கோயிலுக்குள் ஒன்றுமில்லை என்பது நமது அபிப்பிராயம். ஆனால் ஒரு மனிதனை உள்ளே வராதே என்று தடுக்க இன்னொரு மனிதனுக்கு உரிமை இருக்கிறதா என்பது கோயிலைப் பற்றிய கேள்வியன்று, மனிதத் தன்மையைப் பற்றிய கேள்வி. சரி, இந்த விஷயத்தில் ஓட்டுக் கேட்கிறவர்கள் எப்படி நடந்துகொள்ளுகிறார்கள்? பொதுவாக எந்தத் தொகுதியிலும் அபேட்சகர் காலையில் சேரிக்குப் போகிறார். அங்கே அம்பேத்கார் படத்துக்கு மாலை போட்டு, உங்கள் உரிமைக்கு உயிரைக் கொடுப்போம் என்கிறார். மாலையில் ஊர்த் தெருவுக்கு வருகிறார். அங்கே ஊர்க் கட்டுப்பாட்டை யாரும் கலைக்க விடமாட்டோம், பழைய வழக்கம் பழைய வழக்கந்தான் என்று தலையாட்டுகிறார். காலையில் சொன்னது ஊர்த் தெருவுக்குத் தெரியாது. மாலையில் சொன்னது சேரிக்குத் தெரியாது. இரண்டு இடத்திலும் ஓட்டு வாங்குகிறார். ஜாதியானது ஒரு கிராமத்தை இரண்டு தெருவாகப் பிரித்து வைத்திருப்பதால் அபேட்சகருக்கு இரண்டு நாக்கு வைத்துக்கொள்ள இடம் கிடைக்கிறது. இரண்டு தெருவாரும் ஒரே பந்தலில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது, இந்த ஜில்லாவில் ஜாதியின் பேரால் அடைக்கப்பட்ட கோயிலையும் சுடுகாட்டுப் பாதையையும் திறந்து வைப்பீர்களா, மாட்டீர்களா என்று கேட்டால் எந்த நாக்கால் பதில் சொல்லுவார்? நாம் இந்த மேடையை விரும்புவதற்கு நூறு காரணம் இருந்தாலும் முதற்காரணம் இதுதான்.

நிலத்தைப் பற்றிய கேள்வியும் இப்படிப்பட்டதே. 2018ல் சேலத்துக்கும் சென்னைக்கும் எட்டு வழி ரோடு போடுவதாகச் சொல்லி இந்த ஜில்லா வயல்களில் கல் நட்டார்கள். 2023ல் செய்யாறு பக்கம் மேல்மாவில் சிப்காட்டுக்கு நிலம் எடுப்பதை எதிர்த்த குடியானவர்களில் ஏழு பேர்மீது குண்டர் சட்டத்தைப் போட்டார்கள். எதிர்ப்புக் கிளம்பிய பிறகு அவர்களில் பெரும்பாலோர்மீது அது ரத்து செய்யப்பட்டது. எதிர்க்கட்சியாயிருக்கும்போது கல்லைப் பிடுங்குவதும், ஆளுங்கட்சியானதும் கல்லை நடுவதும் எந்த ஒரு கட்சிக்கும் மட்டும் சொந்தமான வித்தை அல்ல. தொழிற்சாலை வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. வேலையில்லாமல் பெங்களூருக்கும் சென்னைக்கும் பஸ் ஏறுகிற வாலிபர்கள் இந்த ஜில்லாவில் ஏராளம். ஆனால் யாருடைய நிலம், என்ன விலை, யாருக்கு வேலை என்பதை ஓட்டுக்கு முன்னாலேயே எல்லோர் எதிரிலும் சொல்லிவிட்டுப் போகட்டும்.

இனி இதை எப்படி நடத்துவது என்று பார்ப்போம். முதலாவது, கூட்டுகிறவர்கள் எந்தக் கட்சியிலும் பொறுப்பில் இல்லாதவர்களாயிருக்க வேண்டும். உபாத்தியாயர், கடைக்காரர், ஆட்டோ ஓட்டுகிறவர், துப்புரவுத் தொழிலாளி, மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள், குடியானவர் என்று ஒரு பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து கமிட்டி போட்டுக்கொள்ளலாம். அதில் ஒரே ஜாதியார் கூடிவிட்டால் ஆரம்பத்திலேயே காரியம் கெட்டது. பெண்கள் பாதிக்குக் குறையக்கூடாது. எந்த அபேட்சகரிடமிருந்தும் ஒரு சோடா பாட்டில்கூட வாங்கக்கூடாது. பந்தல், ஒலிபெருக்கி, நாற்காலிச் செலவைச் சில்லறையாக வசூலித்து, கணக்கை அன்றைக்கே பந்தலில் ஒட்டிவிட வேண்டும். தேர்தல் அதிகாரியிடத்திலும் போலீசிலும் முன்னதாகவே அனுமதி வாங்கிக்கொள்ள வேண்டும். ஓட்டுப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்திய 48 மணிக்குள் தேர்தல் சம்பந்தமான பொதுக்கூட்டம் கூடாது என்பது சட்டம். ஆகையால் குறைந்தது ஒரு வாரம் முன்பே நடத்திவிடுவது நல்லது.

இடத்தைப் பற்றி நாம் கண்டிப்பாக இருக்கிறோம். கோயில் மண்டபம் உதவாது. மத ஸ்தாபனங்களின் இடத்தை அரசியல் காரியத்துக்கு உபயோகிக்கக் கூடாதென்று 1988லேயே மத்திய சர்க்கார் சட்டம் செய்திருக்கின்றது. ஆசிரமங்களும் அப்படியே. ஜாதிச் சங்கங்களின் கல்யாண மண்டபமும் வேண்டாம். வாடகை குறைவென்றாலும் வேண்டாம். அந்த வாசலில் கால் வைக்கவே தயங்குகிறவர்கள் ஊரில் இருக்கிறார்கள். மாநகராட்சிக்குச் சொந்தமான திடல் போதும். 2024ல் நகராட்சி மாநகராட்சியாயிற்றே, அதனால் இந்த ஒரு லாபமாவது ஜனங்களுக்குக் கிடைக்கட்டும். முன் வரிசையில் பிரமுகர்களுக்கென்று சோபா போடக்கூடாது. வந்தவர் வந்த வரிசையில் உட்கார வேண்டியதுதான்.

நாளைப் பற்றி ஒரு வார்த்தை. பௌர்ணமியன்று வைத்தால் பஸ் நிலையத்திலிருந்து திடலுக்கு வந்து சேருவதற்குள் கூட்டம் முடிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் நாலரை மணிதான் வேலைக்குப் போகிறவர்களுக்கும் பெண்களுக்கும் சௌகரியமான நேரமென்று நமக்குத் தோன்றுகின்றது. அது இராகுகாலமாயிற்றே என்று சிலர் முகத்தைச் சுளிப்பார்கள். நாம் இராகுகாலத்தைத் தேடிப் போய் வைக்கவில்லை. ஜனங்களுக்கு ஓய்வு அந்த நேரத்தில்தான் இருக்கிறது. நல்ல நேரம் பார்த்து மனுத் தாக்கல் செய்கிறவர்கள் ஒரு தொகுதியில் பதினைந்து பேர் இருந்தாலும், அவர்களில் ஒருவர்தான் ஜெயிக்கிறார், மற்ற பதினாலு பேரும் அதே நல்ல நேரத்தில்தான் தோற்கிறார்கள் என்பதை அவர்களுக்கு யாராவது எடுத்துச் சொன்னால் நல்லது.

அந்தப் பதினைந்து பேரையும் கூப்பிட வேண்டுமா, பெரிய கட்சிக்காரர்கள் மூன்று நான்கு பேர் போதாதா என்றால், எல்லோரையும்தான் கூப்பிட வேண்டும். யார் பெரியவர், யார் சில்லறை என்று நாமே தீர்மானித்துவிட்டால் பிறகு ஓட்டர்களுக்கு என்ன வேலை? ஆளுக்கு மூன்று நிமிஷம் வீதம் பதினைந்து பேருக்கும் முக்கால் மணி. பிறகு எட்டுக் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஆளுக்கு ஒரு நிமிஷமானால் இரண்டு மணி. ஏழேகாலுக்கெல்லாம் முடிந்துவிடும். பேசும் வரிசையைத் திருவுளச் சீட்டினால் தீர்மானிக்கலாம். திருவுளம் என்பது பெயருக்குத்தான், ஒரு குழந்தை குடத்தில் கைவிட்டு எடுத்தால் சரி. கேள்விகளை ஒரு வாரம் முன்பிருந்தே பெட்டி வைத்து எழுதி வாங்கி, ஒரே விஷயத்தைப் பற்றியவைகளை ஒன்றாய்ச் சேர்த்து, கமிட்டியார் தங்கள் சொந்தச் சரக்கை நுழைக்காமல் வாசிக்க வேண்டும். எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுக்க இரண்டு காலேஜ் மாணவர்கள் பெட்டிப் பக்கத்தில் இருக்கட்டும்.

பெண் அபேட்சகர்கள் விஷயத்தில் ஒரு விதி கண்டிப்பாக வேண்டும். தமிழ்நாட்டில் ஸ்தல ஸ்தாபனங்களில் பெண்களுக்குச் சரிபாதி ஸ்தானம் என்று 2016ல் சட்டமாயிற்று. ஆனால் எத்தனையோ வார்டுகளில் மனுவில் கையெழுத்து மனைவியுடையது, பேச்சும் அதிகாரமும் புருஷனுடையது என்றிருக்கின்றது. மேடையில் அபேட்சகரே பேச வேண்டும். புருஷனோ, தகப்பனோ, அண்ணனோ பதில் சொல்ல எழுந்தால் உட்கார வைத்துவிட வேண்டும். அந்த அம்மாள் முதலில் தயங்கினாலும் சபையார் பொறுமையாய்க் காத்திருக்கட்டும். ஆண் அபேட்சகர்களும் ஒன்றும் பிறக்கும்போதே மைக்கைப் பிடித்துக்கொண்டு பிறந்துவிடவில்லை.

ஒவ்வொரு அபேட்சகரும் பேசுவதற்கு முன்னால் அவருடைய பிரமாணப் பத்திரத்தின் சாரத்தைச் சபையில் வாசித்துவிட வேண்டும். சொத்து, கடன், படிப்பு, கிரிமினல் வழக்கு ஆகியவைகளை அபேட்சகர்கள் எழுதிக் கொடுத்தே தீரவேண்டுமென்று 2002ல் சுப்ரீம் கோர்ட்டார் தீர்ப்புச் சொன்னார்கள். எல்லாக் கட்சியாரும் ஒன்று கூடி அத்தீர்ப்பைச் சட்டத்தினால் மொட்டையடிக்கப் பார்த்ததும், 2003ல் கோர்ட்டார் அதையும் தள்ளிவிட்டதும் பழைய கதை. அந்தப் பத்திரங்கள் தேர்தல் அதிகாரியின் காரியாலயத்திலும் கமிஷனின் வலைத்தளத்திலும் யாரும் பார்க்கும்படி இருக்கின்றன. பார்க்கிறவர்கள்தான் இல்லை. போன தேர்தலில் எழுதிய சொத்துக்கும் இந்தத் தேர்தலில் எழுதிய சொத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மாத்திரம் வாசித்தாலே சபையில் பாதிக் கேள்வி தானாகப் பிறந்துவிடும். போன தடவை ஜெயித்தவரே மறுபடியும் நின்றால் அவருக்கு மேற்கொண்டு ஒரு கேள்வி உண்டு. தொகுதி அபிவிருத்திக்கென்று சட்டசபை அங்கத்தினருக்கு வருஷத்துக்கு 3 கோடியும் பார்லிமெண்டு அங்கத்தினருக்கு 5 கோடியும் ஒதுக்கப்படுகின்றது. ஐந்து வருஷத்தில் எந்தத் தெருவுக்கு எவ்வளவு, சேரிக்கு எவ்வளவு, கோயில் தெருவுக்கு எவ்வளவு என்று அவர் கையில் கணக்குடன் வரவேண்டும்.

பணத்தைப் பற்றியும் கேட்டுத்தானாக வேண்டும். நமக்கு அடுத்த வேலூரில், அதாவது நமது பழைய ஜில்லாத் தலைநகரில், 2019ல் கட்டுக்கட்டாகப் பணம் பிடிபட்டதன்பேரில் பார்லிமெண்டுத் தேர்தலையே ரத்து செய்து பிறகு ஆகஸ்டில் நடத்தினார்கள். சட்டசபை அபேட்சகர் 40 லட்சத்துக்கு மேல் செலவு செய்யக்கூடாதென்று விதியிருக்கிறது. ஓட்டுக்குப் பணம் கொடுக்கமாட்டேன் என்று மேடையில் எல்லோரும் ஒரே குரலாய்ச் சொல்லத்தான் செய்வார்கள். சொல்லட்டும். ஆயிரம் பேர் கேட்கச் சொன்னவர், ஐந்தாம் நாள் ராத்திரி கவரைக் கொடுத்தனுப்பினால், வாங்குகிறவனுக்காவது அன்றைக்குச் சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பே ஓர் ஆரம்பமாக இருக்கும். 1920ல் முதல் சட்டசபைத் தேர்தலின்போது சென்னை மாகாணத்தில் ஏறக்குறைய நாலு கோடி ஜனங்களில் பன்னிரண்டரை லட்சம் பேருக்குத்தான் ஓட்டு. நிலமும் வரியும் இருந்தவனுக்கே ஓட்டு என்றிருந்த அந்தக் காலம் போய், இன்று ஒன்றுமில்லாதவனுக்கும் உடையவனுக்கும் ஒரே ஓட்டு என்று வந்தது சும்மா வரவில்லை. அப்படி வந்த ஒன்றை உடையவன் திரும்ப விலைக்கு வாங்கிக்கொள்ளுகிறான் என்றால், பழைய காலத்துச் சொத்து ஓட்டுரிமை வேறு வழியில் திரும்பி வருகிறது என்றுதானே அர்த்தம்?

இவ்வளவும் வீண் வேலை, ஜனங்கள் கட்சி பார்த்து, சின்னம் பார்த்துத்தான் போடுகிறார்கள், ஆளைப் பார்ப்பதில்லை என்று ஒரு ஆட்சேபணை சொல்லப்படுகின்றது. இது முழுவதும் பொய்யல்ல. 1985ல் வந்த கட்சித்தாவல் சட்டத்துக்குப் பின்னால் சட்டசபையில் கொறடா சொல்லுகிறபடிதான் கை தூக்க வேண்டியிருக்கிறது. ஆனால் தாலூகா ஆபீசிலும் போலீஸ் ஸ்டேஷனிலும் ஆஸ்பத்திரியிலும் கொறடா வருவதில்லை. அங்கே அந்த ஆள்தான் வருகிறார், அல்லது வராமலிருக்கிறார். தென்முடியனூர் போன்ற ஒரு ஊரில் தகராறு என்று வந்தால் எந்தப் பக்கம் நிற்பது என்று அவருக்குச் சட்டசபைக் கொறடா உத்தரவு போடுவதில்லை. கலகம் வரும் என்கிற ஆட்சேபணையும் உண்டு. கட்சிக் கொடியும் கோஷமும் பந்தலுக்குள் கூடாது என்று முதலிலேயே எழுதி வாங்கிக்கொண்டு, மீறினால் அந்த அபேட்சகரின் நேரத்தைக் குறைப்பது என்று வைத்துவிட்டால், அபேட்சகரே தம் ஆட்களை அடக்கிக்கொள்ளுவார்.

பிரியாணியும் கூலியும் இல்லாமல் கூட்டம் வராது என்பவர்களுக்கு நாம் சொல்லும் பதில், ஆயிரம் பேர் வேண்டாம், இருநூறு பேர் வந்தால் போதும் என்பதே. அந்த இருநூறு பேரில் மலைச்சரிவில் குடியிருக்கிறவரும், தீபத்துக்கு மறுநாள் லட்சக்கணக்கான பேர் போட்டுவிட்டுப் போன குப்பையை வாருகிற தொழிலாளியும், மேல்மாப் பக்கத்துக் குடியானவரும், தென்முடியனூர்ப் பக்கத்து இரண்டு தெருவாரும் இருக்கிறார்களா என்பதுதான் கவனிக்கத்தக்கது. அவர்களுக்கு வண்டிச் செலவு வேண்டுமானால் கமிட்டியார் வசூலில் அதை முதலில் ஒதுக்க வேண்டும்.

அழைத்தும் வராத அபேட்சகருக்கு மேடையில் அவர் பெயர் எழுதிய நாற்காலியைக் காலியாகவே போட்டு வைக்க வேண்டும். ஒவ்வொரு கேள்வியிலும் அவர் முறை வரும்போது ஒரு நிமிஷம் சும்மா இருந்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட வேண்டும். அவரைத் திட்ட வேண்டிய அவசியமில்லை. சொன்ன பதில்களையும், சொல்லாமல் விட்டவைகளையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி, தலைமை வகித்தவரும் கமிட்டியாரும் கையெழுத்திட்டு, பிரதி எடுத்து ஊரிலுள்ள வாசகசாலைகளிலும் டீக்கடைகளிலும் வைத்துவிட வேண்டும். பேசியதைப் படம் பிடித்து வைப்பது இப்போது எல்லோர் சட்டைப் பையிலும் இருக்கிற போனிலேயே முடிகிற காரியம். ஜெயித்தவருக்கு அதே நோட்டின் ஒரு பிரதியைத் தபாலில் அனுப்பி, பதவிப் பிரமாணம் எடுத்த ஒரு வருஷத்தில் அதே திடலுக்கு, அதே ஞாயிற்றுக்கிழமை நாலரை மணிக்கு வரும்படி தேதி குறித்து அழைப்பும் கூடவே வைத்துவிட வேண்டும்.